களைதல்: சில குறிப்புகள்

1

'களை' என்பது தமிழில் வினையும் பெயரும். ஆடையைக் களைகிறோம், ஐயத்தைக் களைகிறோம், துன்பத்தைக் களைகிறோம். வயலில் நெல்லுக்கு நடுவே முளைத்ததையும் களைகிறோம். களையப்படுவதனால் அதற்குக் களை என்று பெயர் வந்தது என்றே கொள்ளத் தோன்றுகிறது. இங்கிலீஷில் நடந்தது வேறு. அங்கே 'வீட்' என்பது முதலில் செடியின் பெயர். பிடுங்கும் செயலுக்கு அந்தப் பெயரிலிருந்து வினை பிறந்தது. தமிழில் செயல் முந்தி, செடி பிந்தி. ஆகவே நமது சொல் செடியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அதன் இலை எப்படி, பூ என்ன நிறம், விஷமா மருந்தா என்ற எந்தத் தகவலும் அதில் கிடையாது. அதன்மேல் ஒரு மனிதனுடைய கை எடுத்துவிட்ட முடிவை மட்டுமே அந்தச் சொல் தெரிவிக்கிறது.

இது நேர்மையான சொல் என்று நினைக்கிறேன். ஆனால் நாம் அதை நேர்மையாகப் பயன்படுத்துவதில்லை. முடிவு நம்முடையது என்பது கொஞ்ச நாளில் மறந்துபோகிறது. களைத்தனம் என்று ஒன்று செடிக்குள்ளேயே, அதன் ஸ்வபாவமாகவே இருப்பதாகப் பேச ஆரம்பித்துவிடுகிறோம். அதன் பிறகு அதைப் பிடுங்குவது வேலையாக இல்லாமல் தண்டனையாகிவிடுகிறது.

இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ளலாம். ஓர் உயிர் பரவுகிறது என்ற காரணத்துக்காக அதை அப்புறப்படுத்தும் உரிமை நமக்கு எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று. உரிமை இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், அப்புறப்படுத்தும்போது அதைப் பற்றி நாம் என்ன சொல்லிக்கொள்கிறோம் என்பது மற்றது. இரண்டாவது கேள்வி வெறும் பேச்சு சம்பந்தப்பட்டது போலத் தெரியும். முதல் கேள்விக்கான பதிலே இரண்டாவதைப் பொறுத்திருக்கிறது என்பதுதான் நான் இங்கே சொல்ல விரும்புவது.

2

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் இருக்கும் நண்பர் ஒருவர் தம் வீட்டுக் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறார். இரண்டு ஆறுகளுக்கு நடுவே, கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, நான்கடி நீளத்துக்கு ஒரு கடல். வடிகட்டிய தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் செயற்கைக் கடலுப்பைக் கரைத்துக் கடலைத் தயாரிக்க வேண்டும். திருச்சியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் சித்திரையில் தொட்டி மட்டும் 25, 26 டிகிரியில் நிற்க வேண்டும். அதற்குத் தனியாக ஒரு குளிரூட்டி. கல்பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால் அவற்றை அவர் தொடுவதில்லை. கல் எலும்பு கட்டாத மென்பவளங்களும் சில மீன்களும்தான் அவரிடம் இருப்பவை.

அந்த மென்பவளங்களில் ஒன்றுக்குப் பொழுதுபோக்குக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் கிரீன் ஸ்டார். ஊதா நிறத்தில் தோல் போன்ற ஒரு விரிப்பு, அதிலிருந்து பச்சைப் பூக்களாக எழும் நூற்றுக்கணக்கான சிற்றுயிர்கள், ஒவ்வொன்றுக்கும் எட்டு இதழ்கள். விரல் பட்டால் எல்லாம் உள்ளே போய் ஊதாத் தோல் மட்டும் மிஞ்சும். அரைமணி கழித்து மறுபடி பச்சை. தொட்டிக்குள் வைப்பதற்கு இதைவிட அழகானது குறைவு. இரண்டங்குலக் கல்லில் ஒட்டிய துண்டாக அதை வாங்கி வந்தார். இரண்டு வருஷத்தில் அது கல்லைத் தாண்டிப் பாறைக்கும், பாறையைத் தாண்டிப் பின்பக்கக் கண்ணாடிக்கும் போய்விட்டது. வழியில் இருந்த மற்றப் பவளங்களின் மேல் ஏறி, வெளிச்சம் விழாமல் மூடியது. பவளங்களில் பெரும்பாலானவை தம் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெளிச்சத்தில் சமைத்துத் தருவதை உண்பவை. வெளிச்சம் போனால் சோறு போயிற்று.

இதை எடுப்பது எப்படி? விரிப்பின் ஓரத்தில் கத்தியை நுழைத்து உரிக்கலாம். உரித்த இடத்தில் நகக்கண் அளவு மிஞ்சினாலும் அங்கிருந்து மறுபடி வளரும். தொட்டிக்குள்ளேயே சுரண்டினால் துணுக்குகள் மிதந்து போய் வேறு பாறையில் ஒட்டிக்கொள்ளும், ஒரு களை பத்துக் களையாகும். சுண்ணாம்பைக் குழைத்து அப்பலாம். அதிகம் அப்பினால் தண்ணீரின் தன்மையே மாறிவிடும். மொத்தமாகக் கொன்றால் அழுகுவது மொத்தமாக அழுகி நீர் கெட்டு, எவற்றைக் காப்பாற்ற இறங்கினோமோ அவையும் சாகும். பாறையை வெளியே எடுத்துக் கொதிநீரில் போடுகிறவர்களும் உண்டு. இது ஆபத்தான காரியம். பட்டன் பவளங்கள் என்று சொல்லப்படுகிறவற்றில் சில வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அவை ஒட்டிய கல்லைக் கொதிக்க வைத்து, ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. கோபத்தோடு செய்யப்படும் எந்த முறையும் இங்கே பலிப்பதில்லை. பாறையை வெளியே எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக உரித்து, தண்ணீரை மாற்றி, அடுத்த வாரம் மறுபடி பார்த்து, மறுபடி உரிப்பது ஒன்றே வழி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் அப்படி உரித்துக்கொண்டிருந்தபோது நான் அங்கே இருந்தேன். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வசவு. சனியன், பீடை என்று தொடங்கி மேலே போய்க்கொண்டிருந்தது. ஊஞ்சலில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்த அவருடைய தாயார் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஏண்டா, அது தானா நடந்து வந்துதா? நீதானே காசு குடுத்து வாங்கிண்டு வந்தே?"

"அதுக்காக மத்ததெல்லாம் செத்துப் போகட்டுங்கறயாம்மா?"

"நான் அப்படிச் சொல்லலையே. எடுக்கணும்னா எடு. திட்டாதே, பேசாம எடு."

மாமி தத்துவம் படித்தவரல்ல. ஆனால் அகிம்சை பற்றிய நமது வழக்கமான வாதங்கள் இரண்டையும் அவர் ஒருசேரத் தாண்டிப் போய்விட்டார். உயிரைக் கொல்லாதே, விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லை. விட்டுவிடுவதும் ஒரு கொலைதான், மற்றவற்றின் கொலை. அது தீயது, ஆகவே கொல் என்றும் சொல்லவில்லை. எடுக்க வேண்டிய கடமை அதைக் கொண்டுவந்த செயலிலிருந்தே வருகிறது. அந்த உயிரின் மேல் நாம் எழுதும் தீர்ப்பிலிருந்து வருவதல்ல. ஆகவே தீர்ப்புக்கு அங்கே வேலையில்லை.

3

கூடத்துத் தொட்டியில் ஒரு தத்துவத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். தொட்டியில் நடந்தது கடலிலும் நடந்திருப்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. மன்னார் வளைகுடாவில், மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் எதிரே குருசடைத் தீவு. அங்கே களையாக வந்தது பவளத்தின் மேல் படர்ந்த ஒரு கடற்பாசி. அதன் தாவரவியற் பெயர் கப்பாபைகஸ் அல்வரேசி. பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கடல்களைச் சேர்ந்தது. ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் கெட்டித்தன்மைக்காகச் சேர்க்கப்படும் கராஜீனன் என்ற பொருள் அதிலிருந்து கிடைக்கிறது. 1980களில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அதை ஜப்பான் வழியாகப் பெற்றுக் குஜராத் கரையில் வளர்த்துப் பார்த்தது. பிறகு மண்டபத்துக்கு வந்தது. 2000ஐ ஒட்டிய வருஷங்களில் பெப்சி நிறுவனம் இதில் இறங்க, மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மூங்கில் மிதவைகளில் கயிறு கட்டிப் பாசி வளர்த்தன. சுமார் 45 நாளுக்கு ஓர் அறுவடை. மீன்பாடு சுருங்கிக்கொண்டிருந்த கரையில் அது பெண்களின் கைக்கு நேரே வந்த காசு.

2005 டிசம்பரில் தமிழக அரசு ஓர் ஆணையின் மூலம் இந்தச் சாகுபடியைப் பாக் நீரிணையின் வடபகுதிக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் என்று வரையறுத்தது. தேசியப் பூங்காவின் தீவுகளுக்குப் பக்கத்தில் வேண்டாம் என்பது அதன் பொருள். பாசி அரசாணையைப் படிப்பதில்லை. 2008ல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, குருசடையில் உயிருள்ள பவளங்களின் மேல் இந்தப் பாசி பாயாக விரிந்திருப்பதைப் பதிவு செய்தது. மூடப்பட்ட பவளம் வெளிச்சமின்றிச் சாகிறது. பின்னர் பக்கத்துத் தீவுகளிலும் காணப்பட்டது. வனத்துறையினர் ஆட்களை இறக்கிக் கையாலேயே பிடுங்கினார்கள். ஒரு துணுக்கு மிஞ்சினால் மறுபடி வளர்ந்தது.

ஹவாய்த் தீவுகளில் இதே பாசியின் கதை இன்னும் முந்தியது. 1974ல் கனெயோஹே வளைகுடாவில் ஆராய்ச்சிக்காக இறக்கினார்கள். ஆழமான நீரைத் தாண்டித் தானாகப் பரவாது என்று 1983ல் ஓர் ஆய்வு சொன்னது. 1990களின் இறுதியில் பார்த்தபோது வளைகுடாவின் பல பாறைகளில் அது இருந்தது. 2000களின் நடுவில், நீருக்கடியில் பாசியை உறிஞ்சி எடுக்கும் ஓர் இயந்திரத்தைப் படகில் பொருத்தினார்கள். எடுத்த இடத்தில் மறுபடி முளைத்தது. ஆகவே இயந்திரம் போன பிறகு, அந்தக் கடலுக்கே உரிய கடல்முள்ளெலிகளைப் பண்ணையில் வளர்த்துக் கொண்டுவந்து பாறைகளில் விட்டார்கள். மிஞ்சியதை அவை மேய்கின்றன. அந்த வேலை முடிந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. மேய்ந்துகொண்டிருக்கும் வரையில் பாறை பிழைக்கிறது என்பதே அங்கே கிடைத்த வெற்றி.

இந்த இடத்தில் மன்னார் வளைகுடாவைப் பற்றி இன்னொரு தகவலையும் வைக்க வேண்டும். 1986ல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது கணக்கில் 21 தீவுகள். அவற்றில் இரண்டு இன்று நீருக்கு மேலே இல்லை. சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் பவளக்கல்லைப் பல தலைமுறை வெட்டி எடுத்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு. கடப்பாறையால் பவளத்தைப் பெயர்த்தபோது அதற்குத் தொழில் என்று பெயர். பாசி அதை மூடியபோது ஆக்கிரமிப்பு என்று பெயர். பாசியை எடுக்க வேண்டாம் என்று இதிலிருந்து நான் வாதிக்க வரவில்லை. கட்டாயம் எடுக்கத்தான் வேண்டும். எடுக்கிற கை எந்தக் கை என்று தெரிந்து எடுக்க வேண்டும்.

4

களைகளுக்கு நாம் வைக்கும் பெயர்களைப் பார்த்தால் இந்தக் கை எப்படி மறைகிறது என்பது தெரியும். தென்னமெரிக்க நீர்த்தாவரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்கு வந்து நீர்நிலைகளை அடைத்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் அதற்கு ஜெர்மன் பானா என்று பெயர். அதை ஒழிக்க 1936ல் ஒரு சட்டமே போட வேண்டிவந்தது. அதே செடிதான் நம் உய்யக்கொண்டான் வாய்க்காலை அடைக்கும் வெங்காயத்தாமரை. பத்திரிகைகள் அதை ஆகாயத்தாமரை என்று எழுதி வேறொரு செடியின் பெயரையும் சேர்த்துக் கெடுத்துவிட்டன. 1950களில் புனே பக்கம் கண்ணில்பட்ட பார்த்தீனியத்துக்கு வடக்கே காங்கிரஸ் புல் என்று பெயர். கொள்ளிடக் கரைகளில் மண்டிக்கிடக்கும் முள்மரத்துக்குச் சீமைக்கருவேலம். 1876ல் சென்னை மாகாண வனத்துறையின் பெடோம் என்ற அதிகாரி விறகுக்காக விதை கேட்டு எழுதினார், விதை வந்தது. அதை வெட்டச் சொல்லி 2017ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. இடைப்பட்ட 140 வருஷத்தில் அந்த மரம் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரித்ததும், ராமநாதபுரத்தில் கரிமூட்டம் போட்டவர்களுக்குச் சோறு போட்டதும் 'சீமை' என்ற அடைமொழிக்குள் அடங்கவில்லை.

ஜெர்மன், காங்கிரஸ், சீமை: அந்தந்தக் காலத்தில் யாரைப் பிடிக்கவில்லையோ அவர்கள் பெயர். இந்த வரிசையில் மாறுபட்டு நிற்பது ராமநாதபுரம் கரையில் கப்பாபைகஸுக்கு மக்கள் வைத்த பெயர்தான். அவர்கள் அதைப் பெப்சி பாசி என்றார்கள். அதில் வசவு இல்லை, புகழ்ச்சியும் இல்லை. அது யார் மூலம் வந்தது என்ற தகவல் மட்டும் இருக்கிறது. கடன் பத்திரத்தில் கடன் வாங்கியவர் பெயர் இருப்பதுபோல.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் குறளின் செங்கோன்மை அதிகாரத்தில் கடைசிக் குறளைப் பார்க்கலாம். கொடியவர்களை அரசன் கொலையால் ஒறுப்பது, உழவன் பயிரைக் காக்கக் களை எடுப்பதற்கு ஒப்பு என்பது அதன் கருத்து. கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் எழுதிய அதே வள்ளுவர், அரசனிடம் வரும்போது கொலைக்கு ஓர் உவமை தேடுகிறார். வயலிலிருந்து அது கிடைக்கிறது. உவமை சாதாரணமானது, யாருக்கும் புரிவது. அதன் ஆபத்தும் அந்தச் சாதாரணத்தில்தான். வயலில் பயிர் எது, களை எது என்று உழவனுக்கு முன்கூட்டித் தெரியும், நட்டவன் அவன். ஒரு சமூகத்தை நட்டவர் யார்? இந்தக் கேள்வியை உவமை எழுப்பவே விடுவதில்லை. 1936-38ல் ஸ்டாலின் ஆட்சியில் நடந்த கொலைகளுக்குத் தமிழில் வழங்கும் சொல் களையெடுப்பு. நாஜிகளின் படுகொலையைப் பற்றி 1989ல் எழுதிய ஸிக்மண்ட் பௌமன், நவீன அரசு தன்னை ஒரு தோட்டக்காரனாகப் பாவித்துக்கொண்டதில் அதன் வேர் இருக்கிறது என்றார். ருவாண்டாவில் 1994ல் கொலைக்குப் புறப்பட்டவர்கள் புதர் வெட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டார்கள். நமக்குப் பக்கத்தில், நமது மொழியிலேயே, 1985ல் கோவிந்தன் எழுதிய 'புதியதோர் உலகம்' ஓர் இயக்கம் தன் ஆட்களையே கொன்றதைச் சொன்ன நாவல். அங்கும் முதலில் பெயர் இடப்படுகிறது. பெயர் இட்ட பிறகு மிச்சமெல்லாம் வேலை.

மனிதர்களைக் களை என்பது உருவகம், செடியைக் களை என்பது நேர்ப்பொருள், இரண்டையும் குழப்பக் கூடாது என்று எனக்குப் பதில் சொல்லலாம். வேற்றுமை இருப்பது உண்மை. ஆனால் வெறுப்பைப் பழகுவதற்கு ஓர் இடம் வேண்டியிருக்கிறது. பவளத்தையும் பாசியையும் 'அந்நியன்', 'ஊடுருவல்', 'ஒழிப்பு' என்ற சொற்களால் பேசிப் பழகிய வாய், அதே சொற்களோடு மனிதர்களிடம் போகும்போது தயங்குவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

5

எதிர்வாதம் ஒன்று உண்டு, கவிஞர்களிடம் இது பிரபலம். எல்லாமே எங்கிருந்தோ வந்தவைதான். மிளகாய் வந்தது, தக்காளி வந்தது, கொய்யா வந்தது. இயற்கைக்கு ஊர் உலகம் கிடையாது, பரவுவதே உயிர். ஆகவே களைவதே வன்முறை, விட்டுவிடுங்கள். கேட்க நன்றாக இருக்கும் இந்த வாதம் பொறுப்பைத் தட்டிக் கழிப்பதற்கு வசதியானது. மிளகாய் வந்து மிளகைக் கொல்லவில்லை. குருசடையில் பாசி வந்து பவளத்தைக் கொன்றது. வந்தது என்பதில் குற்றமில்லை என்பதால் வந்ததன் விளைவும் இல்லாமல் போய்விடாது. இந்த வாதத்தைச் சொல்பவர் இயற்கையின் பக்கம் நின்று பேசுவதாக நினைத்துக்கொள்கிறார். உண்மையில் கொண்டுவந்தவர் பக்கம் நின்று பேசுகிறார்.

வந்ததை ஒழிக்காமலும் எல்லா இடத்திலும் விட்டுவிடாமலும் இருப்பதற்கு ஓர் உதாரணம் ஸ்ரீரங்கத்து வீடுகளிலேயே இருக்கிறது. திவசச் சமையலில் மிளகாய் கிடையாது, மிளகுதான். 'இங்கிலீஷ் காய்கறி' கிடையாது. மறுநாள் சாம்பாரில் மிளகாயும் உருளைக்கிழங்கும் தாராளமாக வரும். மிளகாய் கெட்டது என்று யாரும் சொல்வதில்லை. இந்த இலையில் அதற்கு இடமில்லை, அவ்வளவுதான். இந்த வழக்கத்தின் சாஸ்திரத்தையோ அதற்குப் பின்னாலிருக்கும் ஆசாரத்தையோ நான் ஆதரிக்க வரவில்லை. அதே ஆசாரம் மனிதர்களையும் இலையிலிருந்து விலக்கியிருக்கிறது. அங்கே அது எல்லையாக நிற்காமல் தீர்ப்பாகிவிட்டது. எல்லை வேறு, தீர்ப்பு வேறு என்பதற்கு மிளகாயும், இரண்டும் எவ்வளவு எளிதில் ஒன்றாகிவிடும் என்பதற்கு மனிதர்களும் ஒரே அடுக்களையில் கிடைக்கும் சாட்சிகள்.

நண்பரின் தொட்டியிலும் கடைசியில் நடந்தது எல்லை போடுவதுதான். உரித்ததில் ஒரு துண்டை, மணற்பரப்பின் நடுவில் மற்றப் பாறைகளைத் தொடாத தனிக் கல் ஒன்றில் வைத்திருக்கிறார். மணலைத் தாண்டி அதனால் எளிதில் படர முடியாது. ஓரத்தில் வளர்வதை அவ்வப்போது கத்தரிக்க வேண்டும். தொட்டிக்கு இது சாத்தியம், ஏனென்றால் தொட்டி முழுவதும் அவருடைய பொறுப்பு. கடலில் தனிக் கல் கிடையாது. அங்கே முழுவதும் எடுக்கத்தான் வேண்டும், அதுவும் முடியாது என்று தெரிந்துகொண்டே எடுக்க வேண்டும்.

'பொறுப்பு' என்ற சொல்லை நான் வேலை பார்க்கும் இடத்தில் வேறு அர்த்தத்தில் தினமும் பார்க்கிறேன். ஐந்தொகையில் ஒரு பக்கம் சொத்துக்கள், மறுபக்கம் பொறுப்புகள். அங்கே பொறுப்பு என்றால் கொடுக்க வேண்டியது. தார்மீகப் பேச்சில் இந்தச் சொல் ஒரு நற்குணம் போல ஒலிக்கிறது. கணக்குப் புத்தகத்தில் அதற்கு எதிரே ஒரு தொகையும் ஒரு பெயரும் இருந்தாக வேண்டும். களைதலைப் பற்றிய விவாதத்தில் எனக்கு இந்த இரண்டாவது அர்த்தம் தேவைப்படுகிறது. குருசடையில் பாசியைப் பிடுங்குவதற்கான கூலி பொதுப் பணத்திலிருந்து போகிறது. கொண்டுவந்த நிறுவனம் ஆராய்ச்சியைத் தொடர்கிறது. வணிகம் 2008ஐ ஒட்டி வேறொரு கம்பெனிக்குக் கைமாறியது. இயற்கையாக விளையும் பாசியைத் தீவுகளைச் சுற்றிப் பறித்து வந்த பெண்களுக்குத் தேசியப் பூங்காவின் எல்லை வந்தது. வளர்ப்புப் பாசிக்கு வந்தவர்களுக்கு அரசாணையின் எல்லை வந்தது. 2023ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். சாகுபடி நடக்கட்டும், அந்தக் கரைக்கு அது வேண்டும். ஆனால் மிதவையிலிருந்து அறுந்துபோகும் துணுக்கு பவளத்தில் போய் ஒட்டினால் அதை எடுக்கும் செலவு யாருடைய பக்கத்தில் எழுதப்படும் என்பது முதல் மிதவையை இறக்குவதற்கு முன்பே எழுதப்பட வேண்டிய விஷயம். பாசியை 'ஆக்கிரமிப்பாளன்' என்று அழைத்துவிட்டால் இந்தக் கேள்வி எழாது. ஆக்கிரமிப்பாளனுக்குக் கடன் பொறுப்பாளி கிடையாது. எதிர்த்துப் போராடும் வீரர்கள் மட்டும் உண்டு.

ஆகவேதான் இரண்டாவது கேள்வியைப் பொறுத்தது முதல் கேள்வி என்றேன். களைகிற உரிமை கடனாளிக்கு உள்ள உரிமை. தீர்க்க வேண்டிய கடனைத் தீர்க்கும் அளவுக்குத்தான் அது செல்லும். திட்டத் தொடங்கிய நிமிஷத்தில் கடனாளி நீதிபதியாகிவிடுகிறான். அப்போது அவனுக்கு அந்த உரிமையும் போய்விடுகிறது.

6

இதை ஒரு இலக்கியப் பத்திரிகையில் ஏன் எழுத வேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன். 'எழுத்து' 1959ல் தொடங்கி, பிச்சமூர்த்தியும் மற்றவர்களும் யாப்பை விட்டு எழுதியபோது, புதுக்கவிதை மேல் சுமத்தப்பட்ட முதல் குற்றம் அது இறக்குமதி என்பது. இந்த மண்ணில் விளையாதது, தமிழ்க் கவிதையை மூடிவிடும் என்றார்கள். பண்டிதர்களுடைய வயலில் நாம் களை. அந்த அனுபவத்திலிருந்து நாம் கற்றுக்கொண்டது என்ன? களை என்ற சொல்லைக் கைவிடவில்லை, கத்தியைக் கைமாற்றிக்கொண்டோம். சிறுபத்திரிகை விமர்சனம் தன்னைப் பெரும்பாலும் களையெடுப்பு என்றே எண்ணிக்கொண்டது. வணிக எழுத்தைக் களைவது, பிரச்சார எழுத்தைக் களைவது, பிறகு ஒரு பத்திரிகை மற்றப் பத்திரிகையின் ஆட்களைக் களைவது. எழுதியவரின் ஸ்வபாவமே போலி என்று தீர்ப்பு எழுதப்பட்டது. வசவு அதிகமான அளவுக்குத் துணுக்குகள் மிதந்து போய் வேறு பாறைகளில் ஒட்டிக்கொண்டன. எந்த எழுத்தும் அப்படி அழிந்ததாகத் தெரியவில்லை.

மறுபக்கத்தில், நாமும் கொண்டுவந்திருக்கிறோம். இருத்தலியல் வந்தது, 1980களில் அமைப்பியல் வந்தது, பின்னர் மாய யதார்த்தம் வந்தது. தனிக் கல்லில் வைத்துப் பார்த்தபோது எல்லாமே அழகாகத்தான் இருந்தன. சில பரவி, அவற்றுக்கு முன்பே இங்கே மெதுவாக வளர்ந்துகொண்டிருந்த சிலவற்றின் மேல் வெளிச்சம் விழாமல் செய்துவிட்டன. அப்படி மூடப்பட்டுப் போனவை என்னென்ன என்று நமக்குச் சரியாகத் தெரியக்கூட இல்லை. இப்போது அந்நியக் கோட்பாடு ஒழிக என்று கூவுகிறவர்களில் அவற்றைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர்களும் உண்டு. அவர்களிடம் கேட்கக்கூடியது ஒன்றுதான்: திட்டாமல், கையிலிருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்து, அடியில் உயிரோடு என்ன இருக்கிறது என்று காட்டுங்கள்.

க.நா.சு. போட்ட பட்டியல்கள் எதைப் படிக்கலாம் என்று சொன்னவை. அவற்றுக்காக அவரைத் திட்டினார்கள், பிறகு அவற்றையே பின்பற்றினார்கள். எதை யார் கொண்டுவந்தார், எந்த வருஷம், அது எதன்மேல் படர்ந்தது என்ற பட்டியல் இன்னும் போடப்படவில்லை.